ஓனருக்கு வாசல் காட்டாத வீடு

பாறைக்குழி வீதியில் ஆறு குடித்தனம் கொண்ட லைன் வீட்டைத் தன் பேருக்குக் கிரயம் செய்துகொண்டு, பதிவு அலுவலகத்திலிருந்து நேராக அங்கே வந்து இறங்கிய சங்கவிக்கு, போன வாரம்வரை உள்ளே போய் வந்துகொண்டிருந்த வாசல் தென்படவில்லை. தெருவைப் பார்த்த சுவர் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை ஒரே சுவராக இருந்தது. சுண்ணாம்பு உரிந்த இடத்தில் செங்கல் தெரிந்தது, உரியாத இடத்தில் ஒரு டியூஷன் சென்டரின் விளம்பரம் தெரிந்தது, விளம்பரத்தின் மேல் ஒரு ஆடு உடம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தது, வாசல் மட்டும் இல்லை. அவள் பதறவில்லை. பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை பார்க்கிறவள், சரக்கில் குறை என்றால் தான் சரியாகப் பார்த்தோமா என்றுதான் முதலில் யோசிப்பாள். ஆகவே வீட்டை ஒரு சுற்று சுற்றினாள், பிறகு எதிர்த்திசையில் ஒரு சுற்று, பிறகு கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு சுற்று.

"என்னுங்க அம்மிணி, ஊட்டைக் கோயிலாட்டச் சுத்தறீங்க?" என்றார் கமிஷனை வாங்கிய கையோடு பின்னாலேயே மொபெட்டில் வந்த புரோக்கர் ஆறுச்சாமி.

"வாசல் எங்கீங்க?"

"இதென்ன கேள்வி? இதா." அவர் சுவரோரமாக வண்டியை ஸ்டாண்டு போட்டார். தெருவின் நடுவே ஒரு தண்ணி லாரி போனது. லாரி போன பிறகு ஆறுச்சாமி அங்கே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் யாரிடமோ அவர் மோர் கேட்கும் சத்தம் மட்டும் கேட்டது.

சாயங்காலத்துக்குள் விஷயம் வீதிக்குப் புரிந்துவிட்டது. வீட்டை விற்ற குப்புராசு அத்தனை வருசமும் வாடகை வாங்க வரும்போதெல்லாம் எதிர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே ஆளனுப்பி வாங்கிக்கொண்டு போனதைப் பணத்திமிர் என்றுதான் வீதி இதுவரை நினைத்திருந்தது. அன்றைக்கு அவர் சலவை வேட்டி கட்டிக்கொண்டு வந்து, சுவருக்கு முன்னால் தலையைக் குனிந்து உள்ளே போய், ஆறு வீட்டையும் நின்று நின்று பார்த்துவிட்டு, கண் கலங்கி வெளியே வந்தார்.

"தெரிஞ்சே மறைச்சு வித்தீங்களா?" என்றாள் சங்கவி.

"நீங்க கேக்கலீங்களே அம்மிணி. வில்லங்கம் பாத்தீங்க, பட்டா பாத்தீங்க, தாய்ப்பத்திரம் பாத்தீங்க. ஓனருக்கு வாசல் தெரியுமான்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் பொய் சொல்லியிருப்பனா?" அவர் வேட்டி நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "உள்ள காத்தோட்டம் அப்படி வருதுங்க. இப்படின்னு தெரிஞ்சிருந்தா வித்திருக்கவே மாட்டேன்."

சங்கவி விடவில்லை. ஏணி வைத்துப் பார்த்தாள். எந்த ஏணியைக் கொண்டுவந்தாலும் சுவர் அதைவிட ஒரு முழம் உயரமாகவே இருந்தது. முதல் வீட்டு ஒச்சம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்து பார்த்தாள். பிடித்த கை சோப்பு போட்டதுபோல் வழுக்கிப் போனது, சங்கவியின் நெற்றி சுவரில் மோதி வீங்கியது. கொத்தனாரைக் கூட்டிவந்து கடப்பாரையால் சுவரை உடைக்கச் சொன்னாள். சுவருக்குப் பின்னால் இன்னொரு சுவர் இருந்தது, அதற்குப் பின்னால் அதே விளம்பரத்தோடு இன்னொன்று இருந்தது, கொத்தனார் கூலி கட்டாது என்று போய்விட்டார், உடைத்ததைப் பூசவும் அவளே வேறு ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. புகார் கொடுத்தபோது வந்த ஏட்டு உள்ளே போய்க் காப்பி குடித்துவிட்டு வந்து, "வாசல் இருக்குதும்மா, அதுல புகுந்துதான நான் வர்றேன்" என்று சொல்லி அவளிடமே கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போனார்.

"ஆத்தாடி, ஓனரம்மா நெத்தியில பாரு, குங்குமம் வைக்கிற எடத்துல சுண்ணாம்பு வச்சிருக்கு" என்றாள் ஒச்சம்மாள். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவள். துணியில் ஊசி போன ஓட்டையைக் கண்டுபிடிக்கும் கண்ணும், அதைவிடக் கூரான வாயும் அவளுக்கு. சுவருக்குள்ளிருந்து, காலியாகக் கிடந்த கடைசி வீடு போக மற்ற அஞ்சு குடித்தனமும் சிரித்தது.

அவர்களுக்குச் சிரிக்கக் காரணம் இருந்தது. சங்கவி என்ன நினைப்போடு அந்த வீட்டை வாங்கினாள் என்பது அவர்களுக்குத் தெரியும். வாடகையை உயர்த்துவது, வீட்டுக்கு வீடு தனி மீட்டர் மாட்டி யூனிட்டுக்குத் தன் கணக்கில் வாங்குவது, ஒறம்பரை என்று விருந்தாளி வந்து ராத்தங்கினால் தண்ணிக்குத் தனிக்காசு, சுவரில் ஆணி அடித்தால் அட்வான்சில் பிடித்தம் என்று, கிரயம் முடியும் முன்னாலேயே ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று மரியாதையாகவே சொல்லிவிட்டுப் போயிருந்தாள். இதையெல்லாம் அவள் எந்த ஓனரிடமும் போய்ப் படிக்கவில்லை. அவளும் அவள் அம்மா பழனாத்தாளும் வாடகை வீடு மாறி மாறியே திருப்பூரின் பாதியைப் பார்த்தவர்கள். குடியிருக்கிறவர்கள் எங்கே பொய் சொல்வார்கள் என்று சங்கவிக்குத் தெரியும். அந்தப் பொய்களை வாசலில் நின்று ஓனரிடம் சொல்லச் சொல்லி அம்மா அனுப்பிவைத்தது அவளைத்தான். "அம்மா குளிச்சிட்டு இருக்குதுங்க", "சம்பளம் இன்னும் வல்லீங்க", "அந்த விரிசல் நாங்க வர்றப்பவே இருந்துச்சுங்க." அப்படிச் சொல்லி வளர்ந்தவள், வீட்டிலேயே முதலாவதாகக் காலேஜ் படித்து, சம்பளத்தில் மிச்சம் பிடித்து, அம்மாவின் சீட்டுப் பணத்தையும் வளையலையும் சேர்த்து இந்த வீட்டை வாங்கினாள், இனிமேல் யார் வாசலிலும் நிற்கக் கூடாது என்றுதான் வாங்கினாள்.

அந்த நேரத்தில்தான் அம்மாவும் மகளும் குடியிருந்த வாடகை வீட்டு ஓனர் பையனுக்குக் கல்யாணம் வைத்துவிட்டதாகச் சொல்லிக் காலி செய்யச் சொன்னார். லைன் வீட்டில் கடைசி வீடு காலியாக இருந்தது.

"நம்ம ஊடு இருக்கறப்ப எதுக்கு வெசனப்படற?" என்றாள் பழனாத்தாள். "பால் காச்சிட்டுப் போயிரலாம்."

"எனக்கு வாசல் தெரியலையேம்மா."

"எனக்குத் தெரியுதுல்ல?"

பால் காய்ச்சுவது வீட்டுக்காரியின் கையால் நடக்க வேண்டும் என்பது அந்தப் பக்கத்தில் சொல்லாமலே தெரிந்த முறை. யார் கையால் பால் பொங்குகிறதோ அவள்தான் அந்த வீட்டுக்கு ஆள் என்பார்கள், வாடகைக்குப் போகிறவர்கள்கூட அதற்காகவே புதுச் சட்டி வாங்குவார்கள். சங்கவி யோசித்துப் பார்த்தாள், வேறு வழி தெரியவில்லை, அம்மா கையில் சட்டியைக் கொடுத்து, போய்ப் பொங்கவைத்துவிட்டு அப்படியே ஒழுகல் எங்கே, ஓதம் எங்கே, எந்த வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பார்த்து வந்து சொல்லும்படி அனுப்பினாள். குட்டியானை வண்டி கட்டிலையும் பீரோவையும் தையல் மிஷினையும் சிவப்பு வாளியையும் ஏற்றிக்கொண்டு சுவருக்குள் போனது. அவளுடைய துணிமணிகள் போயின, அவளுடைய தலையணை போனது, அவள் கைப்பையோடு தெருவில் நின்றாள். சுவரைத் தாண்டிப் பால் தீய்ந்த வாசம் வந்தது.

"அம்மா, வந்து சொல்லு."

"சித்த இரு கண்ணு. சாப்பிட்டுத்தான் போகோணும்னு இவிய கையப் புடிச்சு இழுக்கறாங்க."

பொழுது இறங்கும்வரை பார்த்துவிட்டு, சங்கவி லேடீஸ் ஹாஸ்டலில் ஒரு கட்டிலுக்குச் சொல்லிவிட்டுப் போனாள்.

அதன் பிறகு வீதி இதைப் பழக்கமாக்கிக்கொண்டது. டீக்கடைக்காரர் பெஞ்சின் சுவர்ப்பக்கத்து ஓரத்தை ஓனருக்கென்று விட்டுவைத்தார், வேறு யாராவது உட்கார்ந்தால் "அது வாசல் தெரியாதவிய எடமுங்க" என்று எழுப்பிவிட்டார். கரண்டு பில் எடுக்கிறவர் உள்ளே போய்ப் பார்த்து அவளிடம் வந்து தொகையைச் சொன்னார், வீட்டு வரி அவள் பேருக்கு வந்தது, கொசுமருந்து அடிக்கிறவரும் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களும் தெருநாய்களும் கோயில் வரி வசூலிக்கிறவர்களும் தடையில்லாமல் போய் வந்தார்கள். வாடகைக்கு வீடு தேடுகிறவர்கள் ஊரின் எந்த மூலையிலிருந்தோ வந்து ஆறுச்சாமியிடம், "ஓனர் உள்ள வரவே முடியாதாமே, அந்த லைன்ல ஒரு வீடு கெடைக்குமா?" என்று கேட்டார்கள். பக்கத்து வீதிகளில் குடியிருந்தவர்கள் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டார்கள்; ஒருத்தி தன் ஓனருக்கும் கண் மறைந்தால் கெடா வெட்டுவதாகவே வேண்டிக்கொண்டாள் என்று பேச்சு. இதனால் மற்ற லைன் வீட்டு ஓனர்கள் ராத்தூக்கம் கெட்டார்கள். கேட்டுக்குச் செக்கச்செவேல் என்று பெயிண்ட் அடித்தார்கள், காலையில் எழுந்ததும் பல்கூட விளக்காமல் போய்த் தங்கள் வாசலைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார்கள், கடைசியில் ஒரு நாள் கூட்டமாகச் சங்கவியிடமே சண்டைக்கு வந்தார்கள்.

"உங்களாலதானுங்க எங்க ஆளுக தலை நிமிந்து பேசறாங்க."

"நான் என்னுங்க பண்ணுனேன்?"

"ஊடு சொன்ன பேச்சுக் கேக்கோணுமுங்க. கேக்காத ஊட்டை வாங்கி வெச்சுட்டு வீதிக்கே கெட்ட பேரு."

பழனாத்தாள் முதல் மாதம் தினமும் வேலைக்குப் போகிற வழியில் பெஞ்சில் உட்கார்ந்து உள்ளே நடப்பதைச் சொன்னாள். அவிய துணி காயப்போடக் கயிறு கட்டியிருக்காங்க, அவிய ஊட்டுல மாமியா வந்திருக்குது, அவிய சமையக்கட்டுல காரை உதிருது என்று சொன்னாள். கொஞ்ச நாளில் அவிய என்பது நாங்க என்றாகிவிட்டது. நாங்க கயிறு கட்டியிருக்கறோம், நாங்க பேசிக்கிட்டோம், எங்களுக்குத் தண்ணி பத்தல. அவள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. சங்கவி ஒவ்வொரு முறையும் கவனித்தாள்.

"கக்கூஸ் டேங்க் நெம்பிப் பொங்குது சங்கவி" என்றாள் ஒரு நாள். "கடைசி மூணு ஊட்டு முன்னால கால் வைக்க முடியல. வண்டி வரச் சொல்லு."

"வாங்கறதுக்கு முன்னால நான் பாத்தனே, நல்லாத்தான இருந்துச்சு?"

"அப்ப மழை இல்ல. அந்தக் குப்புராசு ஆள் விட்டு டேங்க் மேல மண்ணைப் போட்டு மூடி வெச்சிருந்தான்."

"நான் பாக்காம காசு தரமாட்டேன்மா. எத்தன ஓனருகிட்ட நாம இப்படிச் சொல்லியிருப்போம்?"

பழனாத்தாள் டீ டம்ளரைக் கீழே வைத்தாள். "நான் பொய் சொல்லுவனாடி உங்கிட்ட?"

"நீ இப்ப வாடகைக்காரிம்மா."

சொன்ன பிறகு அதைத் திரும்ப விழுங்க முடியவில்லை. டீக்கடைக்காரர் பாலை ஆற்றுவதை நிறுத்தினார். பழனாத்தாள் எழுந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து, அந்த மாதத்து வாடகையை எடுத்து, மகள் கையில் கொடுக்காமல் சுவரோரத்தில் ஒரு கல்லுக்கடியில் வைத்தாள். "ரசீது வேண்டாம்" என்றாள். ஒரு ஆட்டோ குறுக்கே போனது, அவள் உள்ளே போய்விட்டாள்.

அடுத்த மாதம் ஆறு வீட்டிலிருந்தும் வாடகை வரவில்லை. டேங்க் சுத்தமானால்தான் வாடகை என்று ஒச்சம்மாள் வெளியே வந்து பெஞ்சுக்கு நேராக நின்று சொன்னாள். கண்ணால் பார்த்தால்தான் காசு என்று சங்கவி சொன்னாள்.

"நீ பாக்க முடியாதுன்னுதான ஊரே சொல்லுது?"

"அப்ப பொங்கட்டும்."

"படிச்ச புள்ளதானத்தா நீயி? மூக்கு ஒண்ணு வச்சிருக்கீல்ல? மோந்து பாரு!"

மோந்துதான் பார்த்தாள். நாற்றம் வந்தது, ஆனால் வீதிக்குப் பேர் கொடுத்த பாறைக்குழியில் ஊர்க்குப்பை எல்லாம் கொட்டிக் கிடந்ததால் அந்த வீதியில் எப்போதும்தான் நாற்றம் வந்தது, எது எதனுடையது என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஹாஸ்டல் கட்டிலில் படுத்துக்கொண்டு, அவர்கள் உள்ளே என்ன செய்கிறார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டே இருந்தாள். அவள் பீரோவில் யார் துணி இருக்கிறது, அவள் தலையணையில் யார் தலை இருக்கிறது, அவளைப் பற்றி என்ன பேசி எப்படிச் சிரிக்கிறார்கள். பத்திரத்தில் நாலு எல்லையும் அவளுடையது, எல்லைக்குள்ளே அவளுக்கு ஒரு சாண் இடமில்லை. வாடகையோ வரியோ எதுவும் அவளுக்குப் பெரிதாகத் தெரியாமல் போய், ஒரே ஒரு தடவை உள்ளே போய்விட வேண்டும், போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தன் கட்டிலில் படுக்க வேண்டும் என்பது மட்டும் மிச்சம் நின்றது.

அந்த வீட்டில் அவள் கை எட்டியது ஒன்றே ஒன்றுதான். போர்த் தண்ணி மோட்டாரின் சுவிட்சுப் பெட்டி தெருப்பக்கத்துச் சுவரில் இருந்தது. அதற்குப் பூட்டுப் போட்டாள்.

போரில் வரும் உப்புத்தண்ணியும் இல்லாமல் போய், நாலைந்து நாளுக்கு ஒருமுறை பைப்பில் வரும் ஆற்றுத் தண்ணியை மட்டும் நம்பி ஆறு குடித்தனம் நின்றது. சுவருக்குள்ளிருந்து வசவு வந்தது, முதலில் பெண்கள் குரலில், பிறகு ஆண்கள் குரலில், பிறகு புதிதாகப் பேசப் பழகிய ஒரு குழந்தையின் குரலில்கூட வந்தது. ஒரு காலை நேரம், ஆபீசுக்குப் போகும் உடுப்போடு அவள் பூட்டைச் சரிபார்த்துக்கொண்டு நின்றபோது சுவருக்கு மேலே ஒரு வாளி கவிழ்ந்தது. கருப்பாக, கனமாக, தலையிலிருந்து கால்வரை இறங்கியது. ஊற்றிய கை தெரியவில்லை. வாளி சிவப்பாக இருந்தது. ஊற்றி முடித்த பிறகு உள்ளே ஒரு இருமல் கேட்டது, அந்த இருமலை அவள் பிறந்ததிலிருந்து கேட்டிருக்கிறாள்.

டீக்கடைக்காரர் ஒரு குடம் தண்ணி கொண்டுவந்து ஊற்றினார். "உட்டுருங்க அம்மிணி" என்றார், "வித்துப்போட்டுப் போயிருங்க."

விற்கத்தான் பார்த்தாள். ஆறுச்சாமி சிரித்தார். "ஆரு வாங்குவா? குடியிருக்கறதுக்கு அடிதடி. வாங்கறதுக்கு நாய்கூட வராது. ஓசியில குடுத்தாலும் ஓசியில வாங்கறதுக்கு ஒரு கிறுக்கு வேணுமல்லங்க?"

ஓசியில குடுத்தாலும் என்று அவர் சொன்ன அந்த வார்த்தையோடு அவள் சில நாள் நடமாடினாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆளனுப்பி அம்மாவை வெளியே வரச் சொன்னாள். இருவரும் பெஞ்சின் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்தார்கள்.

"வீட்டை உன் பேருக்கே எழுதிடறேன்மா. தான செட்டில்மெண்டு. குடும்பத்துக்குள்ளன்னா செலவும் கம்மி."

பழனாத்தாள் மகளின் முகத்தைப் பார்த்தாள், அதில் எதையோ தேடினாள், கிடைத்ததா என்று தெரியவில்லை. "எதுக்கு?"

"உன் வளையலும் அதுல இருக்குதல்ல?"

"என்ற பேர்லயா?" என்றாள் பழனாத்தாள், சத்தம் குறைந்துபோய். "பழனாத்தாள்னு பத்திரத்துல போடுவாங்களா?"

"போடுவாங்க."

சேதி உள்ளே போனதும் ஒச்சம்மாள் அவசரமாக ஓடிவந்தாள். "பழனாத்தா, வேணாம்த்தா. உம் மக சூது தெரியாம ஏமாறாத. ஓனரானவ கண்ணு அவிஞ்சு போகும். நாமெல்லாம் ஒண்ணா நிக்கிறப்ப நீ மட்டும் அந்தப் பக்கம் போகாத."

"எனக்கு மறையாது புள்ள. குப்புராசு பாலா காச்சினான்? இவ காச்சினாளா? நானு காச்சினேன். ஊடு என்ற காலச் சுத்திக்கிட்டு இருக்குது, பூனையாட்டம்."

"அந்தாளுகூட இப்படித்தான நெனச்சிருப்பான்?"

"அவன் ஆம்பள" என்றாள் பழனாத்தாள்.

சங்கவி ஒரு பொய்யும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்போம் என்பதை நினைத்துப் பார்க்காமல் இருப்பதற்காக, எதிரே சுவரில் ஊர்ந்த எறும்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதிவு அன்று பழனாத்தாள் மகளின் காலேஜ் பட்டமளிப்புக்குக் கட்டிய பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது ஆஸ்பத்திரியில் கூப்பிட்டதுபோல் பதறி எழுந்தாள். கேமராவுக்கு முன்னால் சிரிக்கலாமா என்று கேட்டாள், விரலை வைக்கச் சொன்ன இடத்தில் வைத்தாள், கையெழுத்தை ஒவ்வொரு எழுத்தாக, நடுவில் மூச்சு வாங்கிப் போட்டாள். வெளியே வந்து இளநீர் வாங்கிக்கொடுத்தது அவள்தான். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும் பத்திர உறையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே பேச ஆரம்பித்தாள்.

"முன்பக்கம் ரெண்டு கடை இறக்கலாம்."

"ம்."

"மூணாவது ஊட்டுக் கொளத்துப்பாளையத்தா குடித்தனத்துல ஒம்போது பேரு. நாலு பேருன்னு சொல்லித்தான வந்தா? கேக்கோணும்."

"நேத்துவரைக்கும் அவகூடத்தானம்மா ஒண்ணாச் சோறு தின்ன?"

"சோறு வேற" என்றாள் பழனாத்தாள். "நீயும் வந்து இருந்துக்க கண்ணு. என்ற ஊட்டுல என்ற மக இருக்கறதுக்கு ஆரு என்ன சொல்லப் போறாங்க?"

ஆட்டோ பாறைக்குழி வீதியில் திரும்பியபோது சங்கவிக்கு வாசல் தெரிந்தது. பெரிதாக ஒன்றுமில்லை, நீலம் வெளுத்த ஒரு தகரக் கேட், கீல் விட்டுப்போய்க் கம்பியால் கட்டியிருந்தது, கீழே நாய் புகுந்து வர ஒரு வளைவு. இத்தனை நாள் அது அங்கேயேதான் இருந்தது என்பதுபோல் அரைகுறையாகத் திறந்து கிடந்தது. அவள் இறங்கினாள். அம்மா ஆட்டோவுக்குக் காசு கொடுத்து, மிச்சத்தை எண்ணி வாங்கி, சேலையைச் சரிசெய்துகொண்டு, பத்திரத்தை மார்போடு அணைத்தபடி கேட்டை நோக்கி நடந்தாள், கேட்டைத் தாண்டி நடந்தாள், மூலைவரை போனாள், நின்றாள், திரும்பிப் பார்த்தாள்.

சங்கவி உள்ளே போனாள்.

கால் வைத்ததும் செருப்பு புதைந்தது. கடைசி மூன்று வீட்டு முன்னால் கருப்புத் தண்ணி கணுக்கால் அளவு நின்றது, அதன்மேல் செங்கல் போட்டுப் பலகை வைத்து நடந்துகொண்டிருந்தார்கள். சமையல்கட்டு மேலே காரை பெயர்ந்து கம்பி துருவேறித் தெரிந்தது. சுவரில் ஓதம் இடுப்பளவு ஏறியிருந்தது. அம்மா பெஞ்சில் உட்கார்ந்து சொன்னது எதிலும் கூடுதல் இல்லை; சில இடங்களில் குறைத்துத்தான் சொல்லியிருந்தாள். கடைசி வீட்டில் அவளுடைய கட்டில் நாலு செங்கல்லின் மேல் தூக்கி வைக்கப்பட்டிருந்தது, தலையணைக்குத் துவைத்த உறை போட்டிருந்தது, அதில் யாரும் படுத்த மாதிரி தெரியவில்லை.

வெளியே அம்மா சுற்றிக்கொண்டிருப்பது கேட்டது. கொலுசு இல்லாத கால், ஒரு பக்கம் இழுத்து நடக்கும் நடை. தெருப்பக்கம் போனது, சந்துப்பக்கம் வந்தது, பின்பக்கம் நின்றது.

"சங்கவி. வாசல் எங்கடி?"

சங்கவி ஓடிப்போய்க் கேட்டிலிருந்து கையை நீட்டினாள். "இங்கம்மா. கையப் பாரு. இங்க." அம்மா அந்தக் கைக்கு நேரே வந்தாள், கையைப் பார்க்காமல் சுவரைத் தடவினாள், மகளின் விரல்கள் மேலேயே தடவிக்கொண்டு போனாள். உள்ளங்கை சொரசொரப்பாக இருந்தது. சங்கவி பிடிக்கப் பார்த்தாள், பிடிக்க முடியவில்லை.

அப்போது பைப்பில் காற்று உறுமியது. "தண்ணி! தண்ணி வந்துருச்சு!" என்று ஒச்சம்மாள் கத்தினாள், ஆறு வீட்டுக் குடங்களும் இடித்துக்கொண்டு வந்தன, பலகை மேல் ஆள் மேல் ஆள் ஓடினார்கள். ஒச்சம்மாள் ஓட்டத்தை நிறுத்தாமல் சங்கவியை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னத்தா பராக்குப் பாக்குற? இனிமே அஞ்சு நாள் கழிச்சுத்தான் வரும். உங்க வீட்டுக்குப் புடிக்க உன்ன விட்டா யாரு இருக்கா?" என்று ஒரு குடத்தை அவள் மேல் எறிந்தாள். "கடைசியில நில்லு. ஓனரா இருந்தவளுக்கு முன்ன எடம் கெடையாது."

சங்கவி வரிசையின் கடைசியில் நின்றாள். தண்ணி வேகமாக வந்தது, யாரோ பைப்பை முழுக்கத் திருகி விட்டார்கள், குடத்தில் விழும் சத்தம் சுவரைத் தாண்டிப் போனது. வெளியே நடை நின்றது. பிறகு பழனாத்தாளின் குரல் வந்தது, அந்த வீதியில் அதுவரை யாரும் கேட்டிராத ஒரு குரல்.

"ஆருடி அது பைப்ப அப்படித் திருகறது? வாஷர் போனா ஆரு காசு குடுக்கறது? சங்கவி, நீதானா? உன்னத்தான் கேக்கறேன்!"

வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிச் சங்கவியைப் பார்த்தார்கள். அவள் முறை வந்திருந்தது. தண்ணி மெலிய ஆரம்பித்திருந்தது. அம்மா கூப்பிட்ட சத்தத்துக்கு இதுநாள்வரை ஒரு தடவைகூட என்னம்மா என்று குரல் கொடுக்காமல் இருந்ததில்லை அவள். குடத்தைப் பைப்புக்கு அடியில் தள்ளி, வாயை மூடிக்கொண்டு, நிறையும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.